கல்லும் அடைப்பும்

சிறுநீர்ப் பாதையில் கல் சிக்கிக்கொள்ளும் நோய்க்குத் தமிழ் மருத்துவம் இட்ட பெயர் கல்லடைப்பு. கல் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் அடைப்பையும் பெயருக்குள் சேர்த்ததில் நுட்பமான கவனிப்பு இருக்கிறது. சிறுநீரகத்துக்குள் அசையாமல் கிடக்கும் கல் ஆண்டுக்கணக்கில் வலியே தராமல் இருக்கக்கூடும், அதே கல் சற்று நகர்ந்து நீர் வடியும் வழியை மறித்துவிட்டால் சில நிமிடங்களிலேயே ஆளைச் சுருட்டிப் போட்டுவிடும்.

அந்த வழி அவ்வளவு குறுகலானது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு நீரைக் கொண்டுசெல்லும் சிறுநீர்நாளம் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமும் 3 அல்லது 4 மி.மீ. அகலமும் உள்ள தசைக்குழாய். சிறுநீரகத்தை விட்டுப் புறப்படும் இடத்திலும், இடுப்பின் பெரிய இரத்தக்குழாய்களைக் கடக்கும் இடத்திலும், சிறுநீர்ப்பைச் சுவருக்குள் நுழையும் இடத்திலும் அது மேலும் ஒடுங்குவதால், கற்கள் பெரும்பாலும் இம்மூன்று இடங்களிலேயே மாட்டுகின்றன. 5 மி.மீ.க்கு உட்பட்டவை பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும், 10 மி.மீ. தாண்டியவை வெளியேறுவது அரிது. விலாவின் பின்புறம் தொடங்கித் தொடையிடுக்கு வரை இறங்கும் வலி, தேங்கிய நீரின் அழுத்தத்தால் சிறுநீரகம் விரிவதாலும் நாளத்தின் தசை இறுகுவதாலும் வருவதேயன்றி, கல் உராய்வதால் மட்டும் வருவதன்று. ஆகவே, வலி உச்சத்தில் இருக்கும்போது சொம்பு சொம்பாகத் தண்ணீரைக் குடித்துக் கல்லைத் தள்ளிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை.

கல் உருவாவதில் வெயிலுக்கும் பங்கு உண்டு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசுத் தலைமை மருத்துவமனையை நாடும் கடலூர் மாவட்ட மக்களில் மீனவர்களும், வயலிலும் முந்திரித் தோப்பிலும் வெயிலில் நிற்போரும் ஏராளம். வியர்வையில் நீர் போய்விட்டால் சிறுநீர் செறிவடைந்து, அதில் கரைந்துள்ள கால்சியமும் ஆக்சலேட்டும் படிகமாகத் திரள்வது எளிதாகிறது. கழிப்பிடம் இல்லாத வேலையிடங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்; கழிப்பிடம் இல்லாத குறை மருந்தால் தீர்வதன்று.

கல்லைக் கத்தியால் எடுக்கும் முயற்சி மிகப் பழையது. சுசுருத சங்கிதை, ஆசனவாய்க்கு முன்னுள்ள பகுதியின் இடப்புறத்தில், நடுக்கோட்டிலிருந்து ஒரு வாற்கோதுமை அளவு தள்ளிக் கீறிச் சிறுநீர்ப்பைக் கல்லை வெளியே எடுப்பதை விவரிக்கிறது. மயக்கமருந்து இல்லாத காலத்தில் அது கடைசி வழியாகவே கொள்ளப்பட்டது. 1824-இல் பாரிசில் ழான் சிவியால் என்ற மருத்துவர் சிறுநீர்த் துவாரத்தின் வழியே கருவியைச் செலுத்திக் கல்லை உள்ளேயே நொறுக்கிக் காட்டியதிலிருந்து, உடலைக் கிழிக்காமல் இயற்கை வழியிலேயே போய்வரும் எண்ணம் வேரூன்றியது. கல்லை எடுப்பதோடு நில்லாமல், அது உண்டாகும் காரணத்தைத் தேடியவர்களும் உண்டு. குன்னூரில் ஆய்வு நடத்திய இராபர்ட் மெக்கரிசன், வைட்டமின் ஏ குறைந்த உணவு கொடுத்த எலிகளுக்குக் கல் உண்டாவதைக் கண்டு, 1931-இல் இந்தியாவில் கல் நோய்க்கான காரணங்களைப் பற்றி விரிவாக எழுதினார்.

இன்றைய முறைகளில் அதிர்வலைச் சிகிச்சை விமானத் துறையிலிருந்து வந்தது. அதிவேகத்தில் மழைத்துளி மோதும்போது விமான உலோகத்தில் பரவும் அதிர்வலையை ஆராய்ந்த டோர்னியர் நிறுவனத்தின் கருவியைக் கொண்டு, 1980-இல் மியூனிக் நகரில் முதல் நோயாளியின் கல் வெளியிலிருந்தே உடைக்கப்பட்டது. 2 செ.மீ.க்கு மேற்பட்ட சிறுநீரகக் கல்லுக்கு, முதுகுப்புறம் விரல் பருமனுக்கும் குறைவான துளையிட்டு உள்நோக்கியைச் செலுத்தும் முறை 1976-இல் சுவீடனில் தொடங்கியது. நாளத்தில் மாட்டிய கல்லுக்கோ பெரும்பாலும் கீறலே தேவையில்லை. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டு, சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள உள்நோக்கியைச் சிறுநீர் வரும் வழியிலேயே ஏற்றி, கல்லின் முன் ஹோல்மியம் லேசர் இழையை நிறுத்துகிறார்கள். அந்த ஒளியை அரை மில்லிமீட்டர் நீரே உறிஞ்சிவிடுவதால், கல் பொடியாகும்போதும் அருகிலுள்ள மென்மையான சுவர் பெரும்பாலும் காக்கப்படுகிறது. கைதேர்ந்த வேலை இது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், அடைப்போடு காய்ச்சலும் குளிரும் சேர்ந்துவிட்டால் லேசர் காத்திருக்க வேண்டும். மறிக்கப்பட்ட நீரில் கிருமி பெருகி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. அப்போது கல்லைத் தொடாமல், முதலில் தேங்கிய நீரை வடியவிடுவதே சிகிச்சை. முதுகுவழியே சிறுகுழாய் வைத்தோ, ஸ்டென்ட் எனப்படும், இரு முனையும் சுருண்ட மென்குழாயை நாளத்துக்குள் செலுத்தியோ இதைச் செய்கிறார்கள். கிருமி அடங்கிய பின்னரே கல்லுக்கு முறை வருகிறது. வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் கஷாயமும் குடித்து, காய்ச்சலோடு ஒரு வாரம் வீட்டிலேயே கிடப்பது ஒரு சிறுநீரகத்தை இழப்பதில் முடியக்கூடும்.

கல் உடைத்த பின்பும் வீக்கத்தால் வழி மூடாதிருக்க, ஸ்டென்ட்டைச் சில நாட்களோ வாரங்களோ உள்ளே விடுவது வழக்கம். அது இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும், சில வேளை நீரில் இரத்தச் சாயல் தெரியும். இவை பழகிப்போனதும் குழாய் இருப்பதே மறந்துபோகிறது. வேலைக்காக ஊர் விட்டும் கடல் கடந்தும் போகிறவர்களுக்கு இந்த மறதி எளிது. மாதக்கணக்கில் எடுக்கப்படாத ஸ்டென்ட்டின் மேலேயே புதிய கல் படிந்து, இரு முனைகளும் இறுகி, அதை உடைத்து எடுக்கவே மீண்டும் அறுவை அரங்குக்குப் போக நேரிடும். ஆகையால் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது கொடுக்கப்படும் சீட்டில் ஸ்டென்ட் எடுக்க வேண்டிய தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.