கேமரா: கடையிலா, இயங்கலையிலா?

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சைபீரியா போன்ற வட நிலங்களிலிருந்து கரைப்பறவைகள் சிலாங்கூரின் சேற்றுக் கடலோரத்துக்கு வந்திறங்குகின்றன. அவை தங்கும் இடங்களுள் காப்பார் கடலோரமும் ஒன்று. நீர் வடிந்த சேற்றில் கூட்டமாய் இரைதேடும் அப்பறவைகளைத் திறன்பேசியில் படமெடுத்தால் சாம்பல்நிறப் புள்ளிகளே மிஞ்சும். நெருங்கிச் சென்றாலோ அவை எழுந்து பறந்துவிடும். அலகும் கண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், குறைந்தது 300 மில்லிமீட்டர் குவியத்தூரம் கொண்ட வில்லை, அதாவது லென்ஸ், பொருத்திய கேமரா தேவை.

காப்பாரில் ஐந்தாம் படிவம் பயிலும் மாணவர் ஒருவருக்கு இந்த ஆசை வந்துவிட்டதாகக் கொள்வோம். தீபாவளிக்குக் கிடைத்த ஆங்பாவ் பணத்தையும் விடுமுறைக் கால வேலையின் ஊதியத்தையும் சேர்த்து அவர் 2000 ரிங்கிட் வைத்திருக்கிறார். தவறான கருவியை வாங்கிவிட்டால் ஓராண்டுச் சேமிப்பு போய்விடும். அந்தப் பணத்தை அவர் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

காப்பார் போன்ற சிறிய பட்டணங்களில் இருக்கும் படக்கடைகள் பெரும்பாலும் கடப்பிதழ் அளவுப் படங்களையும் குடும்பப் படங்களையும் எடுத்துத் தருபவை. வகைவகையான வில்லைகளை அங்கு எதிர்பார்க்க முடியாது. ஆகவே, பேருந்தில் கிள்ளானுக்குச் சென்று, அங்கிருந்து கொமுட்டர் இரயிலேறித் தலைநகருக்குப் போக வேண்டும். புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோ யாட் பிளாசா, சுங்கை வாங் பிளாசா ஆகிய பேரங்காடிகள் மின்னணுப் பொருள்களுக்குப் பெயர் பெற்றவை. போய்வர ஒரு நாள் கழிந்துவிடும். இயங்கலையிலோ இருந்த இடத்திலிருந்தே பத்து விற்பனையாளர்களின் விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொருளும் வீட்டு வாசலுக்கே வந்துசேரும். இவ்வளவோடு நிறுத்தினால், இயங்கலையே சிறந்தது என்று தோன்றும்.

ஆனால், ஒரே கேமரா ஓரிடத்தில் சில நூறு ரிங்கிட் மலிவாக இருந்தால், அதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் உண்டு. நம் நாட்டுக் கடைக்காரர்கள் ‘ஒரிஜினல் செட்’ என்றும் ‘ஏபி செட்’ என்றும் இரு வகைகளைச் சொல்வார்கள். முதல்வகை, தயாரிப்பு நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ விநியோகிப்பாளர் கொண்டுவந்தது. இரண்டாம் வகை, வேறு இறக்குமதியாளர் வெளிநாட்டில் வாங்கிக் கொண்டுவந்தது. பின்னது போலிப் பொருள் அன்று. அதே ஆலையில் செய்யப்பட்ட அதே கருவிதான். உத்தரவாதத்தில்தான் வேறுபாடு. முதல்வகையைத் தயாரிப்பாளரின் சேவை மையம் உத்தரவாதக் காலத்தில் இலவசமாகப் பழுதுபார்க்கும். இரண்டாம் வகைக்கு, பொதுவாக விற்ற கடைதான் பொறுப்பு. அந்தக் கடையை மூடிவிட்டால், உத்தரவாத அட்டை வெறும் அட்டையாகிவிடும். இவ்விரு வகைகளும் கடைகளிலும் விற்கப்படுகின்றன, இயங்கலையிலும் விற்கப்படுகின்றன. எனவே, ‘எங்கே மலிவு?’ என்பதற்கு முன்பாக, ‘இது யாருடைய உத்தரவாதம்?’ என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்கு நேரான பதில் தராத விற்பனையாளரை, கடையில் இருந்தாலும் இயங்கலையில் இருந்தாலும், விட்டுவிடுவதே நல்லது.

கடைக்குச் செல்வதன் பயன், கருவியைக் கையில் எடுத்துப் பார்ப்பதில் இருக்கிறது. ஒரு கேமராவின் எடையை எண்ணாகப் படிப்பது வேறு, நீண்ட வில்லையைப் பொருத்தி ஐந்து நிமிடம் தூக்கிப் பிடிப்பது வேறு. விரல் விசையை எட்டுகிறதா, மூக்குக் கண்ணாடியோடு காட்சிக்குழாயைப் பார்க்க முடிகிறதா, வாசலைக் கடந்துபோகும் ஆளைக் குவியம் விரைவாகப் பிடிக்கிறதா என்பதையெல்லாம் எந்த விளம்பரப் பக்கமும் சொல்லாது.

2000 ரிங்கிட்டுக்குள் கேமராவும் நீண்ட வில்லையும் வேண்டுமென்றால், பயன்படுத்திய கருவிகளைத்தான் பெரிதும் நாட வேண்டியிருக்கும். நம் நாட்டின் ஈரப்பதத்தில் வில்லைகளுக்குள் பூஞ்சை படர்வது மிகப் பழைய தொல்லை. வெளிக்கண்ணாடியைத் துடைத்தால் பளபளக்கும்; விளம்பரப் படத்தில் எந்தக் குறையும் தெரியாது. ஆனால், வில்லையின் துவாரத்தை முழுமையாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து கைவிளக்கு ஒளியைப் பாய்ச்சி, சற்றே சாய்த்துப் பார்த்தால், சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் உள்ளே தெரியும். தொடக்க நிலையென்றால் துடைத்து நீக்கலாம். நாள்பட்டுவிட்டால், பூஞ்சை வெளிவிடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். அத்தகைய வில்லை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கேமராவின் மூடுதிரை இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். இடைநிலைக் கருவிகள் பல ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை இயங்கும் வகையில் செய்யப்படுபவை. ஆகவே, பயன்படுத்திய வில்லையைப் பார்க்காமல் வாங்குவதைவிட, இரயில் கட்டணத்தைச் செலவழித்து நேரில் சென்று பார்ப்பது இலாபம்.

மின்கலம், முக்காலி, பை, வடிகட்டி போன்ற துணைப்பொருள்களின் நிலை வேறு. அளவும் மாதிரி எண்ணும் சரியாகத் தெரிந்தால், அவற்றை இயங்கலையில் வாங்கலாம். நினைவக அட்டையில் மட்டும் கவனம் தேவை. 256 கிகாபைட் என்று அச்சிட்ட போலி அட்டைக்குள் உண்மையில் அதில் ஒரு சிறு பகுதி கொள்ளளவே இருக்கக்கூடும். கேமரா அதை அறியாமல் படங்களைப் பதிந்துகொண்டே போகும். வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் கோப்புகள் திறவா. அட்டை வந்த அன்றே முழுக் கொள்ளளவையும் நிரப்பிச் சோதிக்கும் இலவச மென்பொருள்கள் உள்ளன.

விலையைக் கணக்கிடும்போது இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 2024 சனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இயங்கலை வழி விற்கப்படும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி விதிக்கப்படுகிறது. வெளிநாட்டுப் பொருள் மலிவென்று தோன்றினால், வரியும் அனுப்புக் கட்டணமும் சேர்ந்த இறுதித் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

பொருள் பழுதென்றால் என்ன செய்வது? 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். தொடக்கத்தில் மின்வணிகம் இச்சட்டத்துக்குள் அடங்கவில்லை. 2007இல் திருத்தம் செய்யப்பட்ட பிறகே இயங்கலையில் வாங்குவோருக்கும் இப்பாதுகாப்பு கிடைத்தது. ‘விற்ற பொருளைத் திரும்பப் பெற இயலாது’ என்று கடையில் எழுதி ஒட்டியிருந்தாலும், பழுதான பொருளுக்குச் சட்டம் தரும் உரிமை அதனால் அழிந்துவிடாது. எனினும், இச்சட்டம் வணிகம் செய்வோரை மட்டுமே கட்டுப்படுத்தும். தன் பழைய கேமராவைச் சமூக ஊடகத்தில் விற்கும் தனிநபர் வணிகர் அல்லர். அவரிடம் வாங்குபவர் தம் கண்களையே நம்ப வேண்டும்.

வணிகரோடு தீராத வழக்கைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குக் கொண்டு செல்லலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். வழக்கறிஞரும் தேவையில்லை. விற்பனையாளரின் பெயரும் முகவரியும் தெரிந்திருப்பது மட்டும் இன்றியமையாதது. உள்ளூர்க் கடையென்றால் அதில் சிக்கலில்லை. கடல் கடந்த விற்பனையாளர் என்றால், உரிமை ஏட்டில் இருக்கும். ஆளைப் பிடிப்பதுதான் கடினம்.

கடைக்காரரின் பக்கமும் ஒன்று உண்டு. ஒரு மணி நேரம் ஐந்து வில்லைகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்துவிட்டு, அவர் கண்முன்னாலேயே திறன்பேசியை எடுத்து வேறிடத்தில் வாங்குவோர் இருக்கிறார்கள். இது குற்றமன்று. ஆனால், அவர் தந்த நேரத்துக்கும் அறிவுரைக்கும் கடை வாடகைக்கும் யாரோ பணம் கொடுத்தாக வேண்டும். யாரும் கொடுக்காவிட்டால், அடுத்த ஆண்டு கைவிளக்கோடு வில்லையைச் சோதித்துப் பார்க்க அந்தக் கடையே இருக்காது. இயங்கலை விலையைக் காட்டி, ‘இதற்கு அருகில் தர முடியுமா, அண்ணே?’ என்று நேராகக் கேட்டுவிடுவது நாகரிகமான வழி. விலை இறங்காவிட்டாலும், ஒரு பையோ வடிகட்டியோ சேர்த்துத் தருவார்கள் பலர்.

பணம் செலுத்தியதும் பற்றுச்சீட்டில் கருவியின் மாதிரி எண்ணும் தொடர் எண்ணும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பற்றுச்சீட்டுகள் வெப்பத்தாளில் அச்சிடப்படுவதால், நம் ஊர் வெயிலில் சில மாதங்களிலேயே எழுத்து மங்கிவிடும். புதுக் கேமரா எடுக்கும் முதல் படம், பறவைக்கு முன்பாக, அந்தப் பற்றுச்சீட்டாகவே இருக்கட்டும்.