விழித்ததும் கேட்கும் கேள்வி

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரி வரியாக விரைந்து மேலேறுகின்றன. சட்டென்று எல்லாம் நின்றுவிடுகிறது. மூலச் சாதனத்துக்காக இன்னும் காத்திருக்கிறேன் என்கிறது கடைசி வரி. சிறிது நேரம் கழித்து அதே வரி மறுபடி வருகிறது. பிறகு மறுபடி.

பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டிய கணினியில், நம் ஊரில் அசெம்பிள்டு என்கிறோமே அதில், ஆப்பிளின் மேக்ஓஎஸ் இயங்குதளத்தை ஏற்றிப் பார்த்த பலருக்கு இந்த வரி மனப்பாடம். அது ஆப்பிள் தன் கணினிகளுக்கென்றே எழுதிய இயங்குதளம். வேறு கணினிகளுக்கு அந்த நிறுவனம் எந்த ஆதரவும் தருவதில்லை. இருந்தும் அதை ஏற்றி ஓட்டும் கணினிக்கு ஹேக்கின்டாஷ் என்று பெயர்.

அந்த வரியில் ஒரு விந்தை இருக்கிறது. அதைத் திரையில் எழுதியது கெர்னல், இயங்குதளத்தின் உட்கரு. இயங்குதளத்தை ஏற்றுவதற்காகச் செருகிய பென்டிரைவிலிருந்துதான் அது ரேமுக்கு வந்தது. வந்த மறுகணமே அந்தப் பென்டிரைவைக் காணோம் என்கிறது. வண்டியிலிருந்து இறங்கியவர் வண்டி எங்கே என்று தேடுவதைப் போல. பென்டிரைவோ செருகிய இடத்திலேயே விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது.

பென்டிரைவைப் படித்தது கெர்னல் அல்ல என்பதுதான் விடை. மதர்போர்டில் ஒரு சிறு சில்லுக்குள் குடியிருக்கும் ஃபர்ம்வேர் என்ற நிரல் அதைப் படித்துக் கொடுத்தது. இன்றைய ஃபர்ம்வேர்களுக்குப் பொது இலக்கணமாக இருப்பது யூஇஎஃப்ஐ. இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இயங்குதளம் அறிவிக்கும் கணம் ஒன்று அதில் வகுக்கப்பட்டிருக்கிறது. அறிவிப்பு வந்ததும், வட்டைப் படித்துத் தரும் சேவையை ஃபர்ம்வேர் நிறுத்திக்கொள்ளும். அதன்பிறகு யுஎஸ்பியைக் கவனிக்கும் சில்லு எங்கே இருக்கிறது, அதனோடு எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் கெர்னலே கண்டுபிடித்தாக வேண்டும். முடியாவிட்டால் காத்திருக்கும்.

ஆதரவுள்ள கணினியில் இந்தக் கைமாற்றம் நடப்பதே நமக்குத் தெரியாது. ஒவ்வொரு நாள் காலையிலும் கணினி தன் உடம்பில் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்று தெரியாமலேயே கண் விழிக்கிறது. யாரோ அதற்குச் சொல்ல வேண்டும், அல்லது அதுவே தடவித் தெரிந்துகொள்ள வேண்டும். ஆதரவில்லாத இயங்குதளத்தை ஏற்றுபவர்தான் இதைக் கண்ணால் பார்க்கிறார். இந்த வேலையில் எனக்குள்ள ஈர்ப்பு முழுக்க அதில்தான்.

பவர் பொத்தானை அழுத்தும் கணத்துக்குப் போவோம். இன்டெல் வகை பிராசசர் விழித்ததும் முதல் கட்டளையைத் தேடிப் போகும் முகவரி, 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே இருக்கிறது. 1978இல் வந்த 8086 பிராசசரும் இப்படித்தான் விழித்தது. அதன் எல்லை 1 எம்பி. அதற்கு 16 பைட் கீழே அதன் முதல் முகவரி. எல்லை எத்தனையோ மடங்கு நகர்ந்த பிறகும் அந்தப் 16 பைட் இடைவெளி மாறவில்லை.

அந்த நேரத்தில் ரேம் இல்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிச் செருகிய 16 ஜிபி ரேம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அது எந்த வேகத்தில் ஓடும், எத்தனை இடைவெளி விட்டுப் பேசும் என்று பிராசசருக்குத் தெரியாது. அதனால் ஃபர்ம்வேர் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகத்தைத் தற்காலிக ரேமாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறது. ரேம் பலகையில் தனியாக ஒட்டியிருக்கும் ஒரு குட்டிச் சில்லு அந்த ரேமின் ஜாதகத்தை வைத்திருக்கிறது. டிடிஆர்4 வகையில் அதன் அளவு 512 பைட். அதைப் படித்த பிறகு, ரேமில் சில வடிவங்களை எழுதி, திரும்பப் படித்து, மின்குறிகள் வந்துசேரும் நேரத்தைப் பிகோநொடிக் கணக்கில் நகர்த்தி நகர்த்திப் பொருத்துகிறது ஃபர்ம்வேர். புதிதாகப் பூட்டிய கணினி முதல் தடவை திரையில் ஒன்றுமே காட்டாமல் நெடுநேரம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பயந்துபோய் மின்சாரத்தை நிறுத்திவிடாமல் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

ரேம் தயாரானதும் மற்ற உறுப்புகளின் முறை. பிசிஐ தடத்தில் தொங்கும் ஒவ்வொரு சில்லும் இரண்டு எண்களைச் சுமக்கிறது: செய்தவர் யார், இது என்ன பொருள். இன்டெல்லின் அடையாள எண், பதினாறடிமான முறையில், 8086. தன் பழைய பிராசசரின் பெயரையே நிறுவனம் குலப்பெயராக எடுத்துக்கொண்டது. ஏஎம்டி கிராஃபிக்ஸ் அட்டைகளின் எண் 1002. மேக்ஓஎஸ்ஸில் உள்ள டிரைவர்கள், அதாவது சாதனங்களை இயக்கும் சிறு நிரல்கள், தமக்குத் தெரிந்த எண்களை ஒரு பட்டியலாக வைத்திருக்கின்றன. எண் பட்டியலில் இருந்தால் டிரைவர் முன்வந்து பொறுப்பேற்கும். இல்லாவிட்டால் அந்தச் சாதனம் மின்சாரம் வாங்கிக்கொண்டு சும்மா கிடக்கும்.

ஹேக்கின்டாஷ் கட்டுபவர்களின் முதல் உத்தி இங்கே பிறக்கிறது. பட்டியலில் இல்லாத அட்டைக்கு, அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறோர் அட்டையின் எண்ணைச் சூட்டிவிடுவது. பல நேரம் இது பலிக்கும். உள்ளே இருக்கும் சிலிக்கான் உண்மையிலேயே உடன்பிறப்பாக இருந்தால் மட்டும். பெயரில் பொய் சொல்லலாம், உடம்பில் சொல்ல முடியாது. என்விடியாவின் பாஸ்கல் தலைமுறை அட்டைகளுக்கு மேக்ஓஎஸ்ஸின் ஹை சியரா பதிப்போடு டிரைவர் நின்றுபோனது. 2018இல் அடுத்த பதிப்பான மொஹாவே வந்தபோது, அந்த அட்டைகளுக்கு என்ன பெயர் வைத்தும் பயனில்லை. அவற்றோடு பேசத் தெரிந்தவர் உள்ளே யாருமில்லை.

எண்களால் சொல்ல முடியாத விஷயங்கள் பல உண்டு. எந்தக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தினால் கணினி உறங்கும், எந்தக் கடிகாரத்தை நம்ப வேண்டும் என்பவை போன்றவை. இதற்காக 1996இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. மதர்போர்டு செய்பவர் தன் பலகையைப் பற்றிய விவரங்களை அட்டவணைகளாக எழுதி ஃபர்ம்வேரில் வைத்துவிடுவார். அந்த அட்டவணைகளுக்குள் குட்டி நிரல்களும் இருக்கும். இயங்குதளம் அவற்றை வாங்கி ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்.

அந்த நிரல்கள் ஒரு கேள்வி கேட்கும்: நீ எந்த இயங்குதளம்? இது கேட்கப்படும் விதத்தில்தான் எனக்கு எப்போதும் வியப்பு. மதர்போர்டு செய்பவர்கள் பெரும்பாலும் விண்டோஸை மட்டுமே வைத்துச் சோதிப்பவர்கள். எனவே நீ விண்டோஸின் இன்ன பதிப்பா என்றுதான் அட்டவணை வரிசையாகக் கேட்கும். லினக்ஸ் அத்தனை கேள்விக்கும் ஆமாம் என்று சொல்கிறது. நீ லினக்ஸா என்று நேராகக் கேட்டால் வழக்கமாக இல்லை என்கிறது! அந்தக் கிளையில் எழுதப்பட்ட நிரலை யாரும் ஒழுங்காகச் சோதித்திருக்க மாட்டார்கள் என்பது அனுபவத்தில் வந்த தெளிவு. ஆப்பிள் கணினிகளின் ஃபர்ம்வேரோ நீ டார்வினா என்று கேட்கும். டார்வின் என்பது மேக்ஓஎஸ்ஸின் அடித்தளத்துக்குப் பெயர். மேக் கணினியில் லினக்ஸை ஏற்றினால் அங்கே அது டார்வின் என்று பதில் சொல்கிறது. அப்படிச் சொன்னால்தான் தண்டர்போல்ட் போன்ற சில உறுப்புகள் ஒழுங்காக வேலை செய்யும்.

சாதாரண மதர்போர்டில் ஏறிய மேக்ஓஎஸ்ஸுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். விண்டோஸா, விண்டோஸா என்று கேள்விகள் வருகின்றன; டார்வினா என்று கேட்க அங்கே ஆளில்லை. இன்டெல்லின் 300 வரிசை மதர்போர்டுகளில் புதுவகைக் கடிகாரம் ஒன்று வந்தது. பழைய கடிகாரமும் உள்ளேதான் இருக்கிறது, அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மேக்ஓஎஸ்ஸுக்குப் பழையது மட்டுமே தெரியும். கடிகாரம் இல்லாமல் அது கிளம்பவே கிளம்பாது. தீர்வு, சில வரிகளில் ஒரு துணை அட்டவணை: வந்திருப்பது டார்வின் என்றால் பழைய கடிகாரத்தை இயக்கு. அவ்வளவுதான். பல ஆயிரம் ரூபாய்க் கணினி ஓடுவதும் ஓடாததும் அந்தச் சில வரிகளில் இருக்கிறது.

இதெல்லாம் சாத்தியமானதற்கு ஒரு தொடக்கம் உண்டு. 2005 ஜூன் 6 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேக் கணினிகள் பவர்பிசி சில்லுகளை விட்டு இன்டெல்லுக்கு மாறப்போவதாக அறிவித்தார். முந்தைய ஐந்தாண்டுகளாகவே ஒவ்வொரு பதிப்பும் இன்டெல்லுக்கும் சேர்த்து ரகசியமாகக் கட்டப்பட்டு வந்ததையும் அன்று வெளியிட்டார். நிரல் எழுதுவோருக்கு 999 டாலர் கட்டணத்தில் பென்டியம் 4 போட்ட சோதனைக் கணினிகள் தரப்பட்டன. சில மாதங்களுக்குள்ளேயே அந்த இயங்குதளம் வெளியே கசிந்து சாதாரணக் கணினிகளில் ஓடத் தொடங்கிவிட்டது.

2006இல் விற்பனைக்கு வந்த இன்டெல் மேக்குகளில் ஆப்பிள் ஒரு பூட்டு வைத்தது. ஃபைண்டர், டாக் போன்ற சில முக்கிய நிரல்கள் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தன. அவற்றைத் திறக்கும் சாவி, விசிறியையும் வெப்பத்தையும் கவனிக்கும் எஸ்எம்சி என்ற சில்லில் இருந்தது. சாவியைக் கேட்டு வாங்கும் பகுதிக்கு ஆப்பிள் வைத்த பெயர், மேக் ஓஎஸ் எக்ஸைத் திருடாதே. சாவியும் ஏதோ கலைந்த எண்கள் அல்ல. 32, 32 ஆகப் பிரிந்த 64 எழுத்துகளில், எங்கள் உழைப்பைத் திருடிவிடாதீர்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வேண்டுகோள். எழுதிய பொறியாளர்கள் பூட்டுக்குள் தங்கள் மனதை வைத்திருக்கிறார்கள். அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆப்பிள் முத்திரை கொண்ட கணினியில் மட்டுமே ஏற்றலாம் என்கிறது உரிம ஒப்பந்தம். ஃபுளோரிடாவில் சைஸ்டார் என்ற நிறுவனம் இப்படிச் செய்த கணினிகளை 2008இல் கடைப்பொருளாக விற்கக் கிளம்பி, 2009இல் நீதிமன்றத்தில் தோற்றது. ஆர்வத்துக்காக வீட்டில் ஏற்றுபவர்களும் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியில்தான் நிற்கிறார்கள்.

ஆரம்ப நாட்களில் இயங்குதளத்தின் கோப்புகளையே வெட்டி ஒட்டித்தான் ஓட வைத்தார்கள். ஒரு அப்டேட் வந்தால் எல்லாம் சரிந்துவிடும். பின்னால் வந்த வழி வேறு. 2019இல் வெளிவந்த ஓபன்கோர் என்ற பூட்லோடர் வட்டில் இருக்கும் ஆப்பிள் நிரலில் ஒரு எழுத்தையும் தொடுவதில்லை. ஃபர்ம்வேருக்கும் இயங்குதளத்துக்கும் இடையில் நின்று, துணை அட்டவணைகளைச் சேர்த்து, இது இன்ன மாடல் ஐமேக் என்று அறிமுகக் கடிதம் எழுதி, எஸ்எம்சி போல் பதில் சொல்ல ஒரு நிரலை ரேமில் வைத்து, பிறகு ஆப்பிளின் சொந்தத் தொடக்க நிரலை அப்படியே ஓடவிடுகிறது. எல்லாம் ரேமில். கணினியை அணைத்தால் மாற்றங்கள் அனைத்தும் ஆவியாகிவிடும். அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து அறிமுகம். உடைத்துப் புகுவதைவிட இந்தப் பொறியியல் எவ்வளவோ அழகு.

இனி முதலில் பார்த்த அந்த வரி. எல் கேப்பிட்டன் பதிப்பு வந்த 2015இலிருந்து, ஒரு யுஎஸ்பி கட்டுப்பாட்டுச் சில்லுக்கு 15 போர்ட்டுகள்தான் என்று மேக்ஓஎஸ் வரம்பு வைத்திருக்கிறது. சாதாரண மதர்போர்டில் இருபதுக்கு மேல் இருக்கும். நீலநிறத் துளை ஒவ்வொன்றும், பழைய வேகத்துக்கு ஒன்று புதிய வேகத்துக்கு ஒன்று என இரண்டாகக் கணக்கில் வரும். எண்ணிக்கை 15ஐத் தாண்டியபின் வரும் துளையில் உங்கள் பென்டிரைவ் இருந்தால், கெர்னலைப் பொறுத்தவரை அது இல்லவே இல்லை. எனவே ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, பழைய பென்டிரைவ் ஒன்றையும் புதிய ஒன்றையும் ஒவ்வொரு துளையிலும் செருகி எடுத்து, எந்தத் துளை எந்தப் பெயர் என்று தாளில் படம் வரைந்து, தேவையான பதினைந்தை மட்டும் பட்டியலில் எழுதிக் கொடுக்க வேண்டும். சலிப்பான வேலை. ஆனால் அதை முடித்தவருக்குத் தன் கணினியின் முதுகுப்புறம் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

இந்தக் கலைக்கு முடிவு நெருங்கிவிட்டது. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சில்லோடு கணினிகளை வெளியிட்டது. 2025இல் வந்த மேக்ஓஎஸ் டஹோதான் இன்டெல் கணினிகளில் ஓடும் கடைசிப் பதிப்பு. புதிய சில்லில் பிராசசர், கிராஃபிக்ஸ், வட்டுக் கட்டுப்பாடு எல்லாம் ஒரே துண்டில் இருக்கின்றன. அந்தத் துண்டு கடையில் தனியாகக் கிடைக்காது. உடன்பிறப்பு என்று காட்ட இன்னொரு அட்டையும் இல்லை.

அதே காலத்தில் தேடல் எதிர்த்திசையில் தொடங்கியது. எம்1 கணினியில் லினக்ஸை ஏற்ற ஹெக்டர் மார்ட்டின் தொடங்கிய அசாஹி லினக்ஸ் திட்டம், 2022 மார்ச்சில் முதல் சோதனைப் பதிப்பை வெளியிட்டது. சில்லின் உள்விவரங்களை ஆப்பிள் வெளியிட்டதில்லை. ஆகவே எம்1என்1 என்ற சிறு நிரலை எழுதி, அதை முதலில் ஏற்றி, அதன் மடியில் மேக்ஓஎஸ்ஸை எழுப்பினார்கள். மேக்ஓஎஸ் தன் சொந்தக் கணினியில்தான் இருக்கிறோம் என்று எண்ணி ஒவ்வோர் உறுப்பாகத் தொட்டு எழுப்பும். எந்த முகவரியில் என்ன எழுதியது, என்ன பதில் வந்தது என்பதெல்லாம் ஒரு யுஎஸ்பி கேபிள் வழியாகப் பக்கத்துக் கணினியின் திரையில் வரி வரியாக ஓடும். அதைப் படித்தபடி ஒருவர் லினக்ஸுக்கு டிரைவர் எழுதிக்கொண்டிருப்பார்.