உடை மரம்: சீமைக்கருவேல்னு நினைச்சு வெட்டிடாதீங்க

தூத்துக்குடி பக்கத்துல இருந்து ஒரு நேயர் நாலு போட்டோ அனுப்பியிருந்தார். "தோட்டத்துல இருக்கிற சீமைக்கருவேலை எல்லாம் ஜேசிபி வெச்சு எடுக்கப் போறேன். அந்த இடத்துல நம்ம ஊர் மரமா என்ன வைக்கலாம்?"னு கேள்வி. முதல் மூணு படமும் சீமைக்கருவேல்தான். நாலாவது படத்துல நின்னது உடை மரம். அவர் எதைத் தேடுறாரோ, அதுவே அங்க நின்னுகிட்டு இருக்கு! உடனே போன் போட்டுச் சொல்லிட்டோம். எல்லாருக்கும் போன் போட முடியாதே, அதான் இந்த எபிசோடு.

உடை, குடைவேல் ரெண்டும் ஒரே மரம்தான். அவரை, பயறு எல்லாம் இருக்கிற அதே குடும்பம். தூத்துக்குடி, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமையில தானா வளரும். முத்துக்குளித்த கடலுக்கு அந்தக் கரையில, மன்னார்லயும் இதே மரம் நிக்குது. சீமைக்கருவேல் அப்படியில்லை. அமெரிக்கக் கண்டத்து மரம். 1870களில் மதராஸ் மாகாணத்துக்கு விதை வந்தது. காமராஜர் காலத்துலதான் வந்ததுன்னு இன்னும் பலர் சொல்றாங்க, அது சரியில்லை.

எப்படி அடையாளம் காண்பது? பெரிய மரம்னா கஷ்டமே இல்லை. ஆப்பிரிக்கக் காட்டுப் படங்கள்ல சிங்கம் படுத்திருக்குமே, அந்த மாதிரி தட்டையா விரிஞ்ச குடை. கன்றுல குடை இருக்காது. ஜேசிபிக்கு அதிகம் பலியாவதும் கன்றுகள்தான். அப்போ முள்ளைப் பாருங்க. ஒரே கிளையில ரெண்டு விதமா இருக்கும்: ஊசி மாதிரி நீளமான வெள்ளை முள்ளு, பக்கத்துலயே கொக்கி மாதிரி வளைஞ்ச குட்டி முள்ளு. சீமைக்கருவேல்ல இந்தக் கொக்கி கிடையாது. உடையோட இலை பொடிப்பொடியா இருக்கும். பூ வெள்ளையா, உருண்டையா பூக்கும். சீமைக்கருவேல் பூ வால் மாதிரி தொங்கும், நாட்டுக் கருவேல் பூ மஞ்சள் உருண்டை. உடை நெத்து தடிச்சு, வளைஞ்சு இருக்கும்.

அந்த நெத்துதான் விஷயமே. துறைமுகத்துல இருந்து திருநெல்வேலி போற ரோட்டுல வல்லநாடு வரும். அங்க 1987இல் அறிவிச்ச வெளிமான் சரணாலயம் இருக்கு, 16 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. குன்றும் முட்காடுமான அந்த இடத்துல உடைதான் முக்கியமான மரம். கோடையில புல்லு காய்ஞ்ச பிறகு நெத்து தீனியாகுது. சீமைக்கருவேல் நெத்தையும் வெளிமான் தின்னும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா தின்ன விதை புழுக்கையோட விழுந்து, முளைச்சு, திறந்த வெளியெல்லாம் புதராகிடும். வெளிமானுக்கு ஆபத்து வந்தா பார்க்கவும் ஓடவும் வெட்டவெளி வேணும். உடையோட நிழல் மெல்லிசு, அடியில புல்லு வளரும்.

வளர்க்கிறதுக்கு வருவோம். விதைத்தோல் கல்லு மாதிரி. நேரா மண்ணுல போட்டா பல விதை சும்மா கிடக்கும். நல்ல சூடான தண்ணியை அடுப்புல இருந்து இறக்கி, அதுல விதையைப் போட்டு ஒரு ராத்திரி விட்டுடுங்க. காலையில உப்பின விதையை மட்டும் எடுத்து விதைக்கணும். இதைவிட எளிசான வழி, உடை நெத்து தின்ன ஆடுகளோட பட்டிக்குப் போய்ப் புழுக்கையைக் கிளறுறது. ஆட்டு வயிறு பாதி வேலையை முடிச்சுக் கொடுத்திருக்கும்.

பையில ரொம்ப நாள் வைக்காதீங்க. ஆணிவேர் வேகமா இறங்கும், பைக்குள்ள சுருண்டுடும். நம்ம பக்கம் மழையே ஐப்பசி, கார்த்திகைதான். முதல் நல்ல மழை பெய்ஞ்சதும் நட்டுடுங்க. சில மாதம் ஆட்டுகிட்ட இருந்து காப்பாத்தணும். வெட்டின சீமைக்கருவேல் கிளையையே சுத்தி வேலியா வெச்சிடுங்க. ஆனா நெத்து உள்ள கிளை வேண்டாம், திரும்ப அதுவே முளைச்சிடும்.

2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலை அகற்றச் சொன்ன பிறகு இந்த வேலை ஊர் ஊரா நடந்தது, இன்னும் நடக்குது. மெஷின் ஓட்டுறவருக்கு முள்ளு எல்லாம் ஒண்ணுதான், அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால வண்டி வர்றதுக்கு முந்தின நாளே நீங்க நடந்து போய், உடைன்னு தெரிஞ்ச ஒவ்வொரு மரத்துலயும் கன்றுலயும் சிவப்புத் துணி கட்டிடுங்க. நம்ம நேயர் பழைய சேலையைக் கிழிச்சுக் கட்டியிருக்கார். ஒரு மரம்னு நினைச்சுப் போனவர், பதினோரு துணி கட்டிட்டு வந்திருக்கார்.