ஆலோசகரின் அறையில் முதல் நாள்

பள்ளியில் 'கவுன்சலர்' என்னும் பெயர்ப்பலகை உள்ள அறைக்குள் செல்ல மாணவர் பலர் தயங்குகின்றனர். தவறு செய்தவரை அழைத்துக் கண்டிக்கும் இடம் அது என்று சிலர் எண்ணுகின்றனர். மனநோயாளிகளுக்கு மட்டுமே உரியது என்று வேறு சிலர் கருதுகின்றனர். இரண்டும் உண்மையல்ல. தேர்வை நினைத்து உறக்கம் கெடுதல், நெருங்கிய தோழியோடு ஏற்பட்ட பிணக்கு, தந்தையின் பணிமாற்றத்தால் மூன்றாம் முறையாகப் பள்ளி மாறியதில் உண்டான தனிமை ஆகியவற்றுக்காகவும் அங்குச் செல்லலாம்.

இப்பணியைத் தமிழில் 'ஆற்றுப்படுத்துதல்' என்றும் கூறுவர். 'ஆறு' என்பதற்கு 'வழி' என்பது பொருள். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞருக்கு வள்ளலின் ஊருக்குச் செல்லும் வழியைச் சொல்வது அவற்றுள் பெரும்பாலானவற்றின் அமைப்பு. வழியைச் சொல்பவர் ஒருவர். நடக்க வேண்டியவர் மற்றவர். ஆலோசகரின் பணியும் ஏறத்தாழ இத்தகையதே. ஆகவே, முதல் நாளிலேயே அவர் தீர்வு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார் என எதிர்பார்ப்பவர் ஏமாற்றம் அடையக்கூடும்.

முதல் சந்திப்பு பெரும்பாலும் முக்கால் மணி நேரம் நடைபெறும். ஆலோசகர் தம்மை அறிமுகம் செய்துகொள்வார். வீட்டில் யார் யார் உள்ளனர், உறக்கமும் உணவும் எவ்வாறு உள்ளன, இத்துன்பம் எப்போது தொடங்கியது என்று வினவுவார். எல்லா வினாக்களுக்கும் விடை கூற வேண்டும் என்னும் கட்டாயமில்லை. "இதைப் பற்றி இன்று பேச விருப்பமில்லை" என்று சொல்வதும் ஏற்கத்தக்க விடையே. இடையே அழுகை வந்தாலும், சிறிது நேரம் பேச்சே எழாமல் போனாலும் அவர் அதைக் குறையாகக் கொள்ளமாட்டார். மருந்து தருவது அவருடைய பணியன்று. தேவை ஏற்பட்டால் மனநல மருத்துவரிடம் செல்லுமாறு பரிந்துரைப்பார்.

பேசியவை வெளியே செல்லுமோ என்பதுதான் மாணவர்களின் பெரிய அச்சம். இந்த அச்சம் நியாயமானது. ஆதலால் அதை முதலிலேயே கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது. மனநலச் சிகிச்சை பெறுவோரைப் பற்றிய செய்திகள் மறைவாகக் காக்கப்பட வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் ஓர் உரிமையாகவே வகுத்துள்ளது. பள்ளி ஆலோசகரும் மறைகாத்தலைத் தம் தொழில்நெறியாகக் கொள்ள வேண்டியவரே. கணக்கு ஆசிரியரைக் கண்டால் நடுக்கம் வருகிறது என்று ஒரு மாணவன் சொன்னால், அது அந்த ஆசிரியரின் செவிக்குச் செல்லக்கூடாது.

ஆனால் இந்த மறைகாத்தலுக்கு எல்லை உண்டு. மாணவர் தம் உயிருக்கோ பிறர் உயிருக்கோ தீங்கு செய்யக்கூடும் என்று தெரிந்தால், ஆலோசகர் பெற்றோரிடமோ பொறுப்பானவரிடமோ கூறியே ஆகவேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். இவை தண்டனைக்காக அல்ல, பாதுகாப்புக்காக ஏற்பட்டவை. யாரிடம், எதை, எவ்வளவு கூறப்போகிறார் என்பதை நல்ல ஆலோசகர் இயன்றவரை மாணவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுவார்.

தில்லியிலோ நாக்பூரிலோ படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. பள்ளியில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசினாலும், அவர்கள் தாயிடம் அழுவது தமிழில்தான். பாட்டியின் ஊரை நினைத்து வரும் 'ஏக்கம்' என்பதைப் பிறமொழியில் சொல்ல முயலும்போது ஏதோ ஒன்று நழுவிவிடுகிறது. அப்போது தமிழ்ச் சொல்லையே சொல்லி, அதன் பொருளை விளக்கலாம். அந்த விளக்கத்திலிருந்தே உரையாடல் வளர்வதும் உண்டு. முழுவதும் தமிழிலேயே பேச விரும்புவோர் 14416 என்னும் எண்ணை அழைத்துத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். 'டெலி மானஸ்' என்னும் இந்த அரசு சேவை 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில், தொடங்கப்பட்டது. இரவும் பகலும் கட்டணமின்றி இயங்கும் இதற்குப் பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் வழிகாட்டுகிறது. ஆபத்தில் உள்ள குழந்தைகளுக்கு உதவ 1098 என்னும் எண்ணும் உள்ளது.

முதல் சந்திப்பு முடிந்ததும் மனம் இலேசாவதும் உண்டு. களைப்பு மிகுவதும் உண்டு. அடுத்து வரும் சில சந்திப்புகளுக்குப் பின்னும் அந்த ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேச இயலவில்லையெனில், அதை அவரிடமே தெரிவிக்கலாம். அதற்காக அவர் வருந்தமாட்டார். பொருத்தமான வேறொருவரிடம் செல்லும் வழியை அவரே காட்டுவார்.