வானத்துக்கு வழி சொல்லும் உத்தியோகம்
பாதியில் நின்ற பயிற்சியை மீண்டும் தொடங்க முடியுமா?

ஆம்பூரில் நின்று அண்ணாந்து பார்த்தால், உயரத்தில் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு விமானம் போவது சில சமயம் தெரியும். அது சென்னையிலிருந்து பெங்களூர் போகும் விமானமாக இருக்கலாம். கடல் கடந்து போகும் விமானமாகவும் இருக்கலாம்.

கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் ஓடுகின்றன. அங்கே சிவப்பு விளக்கு இருக்கிறது. போலீஸ்காரர் இருக்கிறார். மேலே யார் இருக்கிறார்கள்?

மேலே யாரும் இல்லை. ஆனால் சென்னையில் ஒருவர் இருக்கிறார்! ராடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, காதில் கருவி மாட்டிக்கொண்டு, ரேடியோ மூலம் விமானியோடு பேசுகிறார். "இந்த உயரத்தில் போ, இந்தத் திசையில் திரும்பு" என்று உத்தரவு போடுகிறார். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தலைக்கு மேல் உள்ள வானம் சென்னை வான் எல்லையைச் சேர்ந்தது. இந்தியாவின் வானம் சென்னை, மும்பை, டில்லி, கல்கத்தா என்று நான்கு பெரும் எல்லைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது.

இப்படி வானத்துக்கு வழி சொல்பவருக்கு "விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி" என்று பெயர். நல்ல சம்பளம், நல்ல மரியாதை. ஆனால் பயிற்சி கடுமையானது. நோய், பிரசவம், குடும்பக் கஷ்டம், தேர்வில் தோல்வி என்று ஏதாவது ஒரு காரணத்தால் பயிற்சி பாதியில் நின்றுவிட்டால் என்ன ஆகும்? கதவு அடைபட்டது என்று வீட்டில் உட்கார வேண்டியதுதானா?

அப்படி இல்லை. திரும்பி வர வழி உண்டு. ஆனால் குறுக்கு வழி கிடையாது!

கொடி பிடித்த முதல் மனிதர்

1929-ம் ஆண்டு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர விமான நிலையம். ஆர்ச்சி லீக் என்பவர் தினமும் ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்கு வருவார். அதில் ஒரு நாற்காலி, ஒரு குடை, சாப்பாடு, தண்ணீர், இரண்டு கொடிகள். ஒரு கொடியைக் காட்டினால் "போகலாம்" என்று அர்த்தம். இன்னொன்றைக் காட்டினால் "நில்" என்று அர்த்தம். அமெரிக்காவில் இந்த வேலையைச் செய்த முதல் ஆள் அவர்தான் என்கிறார்கள்.

இன்று கொடி இல்லை. ராடாரும் ரேடியோவும் கம்ப்யூட்டரும் வந்துவிட்டன. வேலையும் மூன்றாகப் பிரிந்துவிட்டது. கோபுரத்தில் இருப்பவர் ஓடுபாதையைப் பார்த்துக்கொள்வார். இறங்க வரும் விமானத்தையும் ஏறிச் செல்லும் விமானத்தையும் வரிசைப்படுத்துபவர் இன்னொருவர். நெடுந்தூர வழியில் பறக்கும் விமானங்களைக் கவனிப்பவர் மூன்றாமவர். ஒவ்வொரு வேலைக்கும் தனித் தகுதி வேண்டும். ஒரு நிலையத்தில் பெற்ற தகுதி, வேறு நிலையத்தில் அப்படியே செல்லாது. அந்த ஊர் வானத்தைப் புதிதாகக் கற்றாக வேண்டும்.

ஆயிரம் அடியில் 349 உயிர்

ஏன் இத்தனை கண்டிப்பு? 1996-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி நடந்ததைக் கேட்டால் புரியும்.

அன்று மாலை டில்லியிலிருந்து ஒரு சவூதி விமானம் ஏறியது. கஜகஸ்தான் விமானம் ஒன்று டில்லியை நோக்கி இறங்கி வந்தது. மேலே ஏறும் விமானம் 14,000 அடியில் நிற்க வேண்டும். இறங்கும் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும் என்பது உத்தரவு. இறங்கிய விமானம் தன் உயரத்தில் நிற்கவில்லை. அரியானாவில் சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே இரண்டும் மோதின. 349 பேரும் மாண்டார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

கட்டுப்பாட்டு அதிகாரி சொன்ன உயரம் சரியானதுதான். அதைக் கேட்டவர்கள் ஆங்கிலத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பதும் விபத்துக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதனால்தான் இன்று உலகம் முழுவதும் சர்வதேச விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு உண்டு. 2008-ம் ஆண்டு மார்ச் முதல் இது நடைமுறைக்கு வந்தது. ஆறு படிகளில் குறைந்தது நான்காம் படியாவது எட்ட வேண்டும். நான்காம் படியில் இருப்பவரை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி சோதிக்க வேண்டும் என்பது சர்வதேச அமைப்பின் யோசனை.

இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை. தெளிவாகக் கேட்க வேண்டும். தெளிவாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆம்பூர் பள்ளிக்கூடத்தில் தமிழிலோ உருதுவிலோ படித்த பிள்ளையும் இதைப் பழகிக்கொள்ளலாம்.

யார் சேரலாம்?

நம் நாட்டில் இந்த உத்தியோகத்துக்கு ஆள் எடுப்பது இந்திய விமான நிலைய ஆணையம். பெளதிகமும் கணிதமும் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரிகளும், என்ஜினீயரிங் பட்டதாரிகளும் மனுச் செய்யலாம். பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 27 என்று அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் இருந்தது. மற்றப் பிரிவினருக்குச் சலுகை உண்டு.

தேர்ச்சி பெற்றவர்களைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். அலகாபாத்தில், அதாவது இன்றைய பிரயாக்ராஜில், 1948-ம் ஆண்டு முதல் இதற்கென்றே ஒரு பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. வகுப்பறைப் பாடம் முடிந்ததும் விமான நிலையத்தில் நேரடிப் பயிற்சி. மாணவர் பேசுவார், தகுதி பெற்ற அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பார். மாணவர் தவறினால் அந்த நொடியே அவர் பேச்சை எடுத்துக்கொள்வார்.

சர்வதேச விதிப்படி, லைசென்ஸ் பெறுகிறவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். மேற்பார்வையில் குறைந்தது மூன்று மாதம் வேலை செய்திருக்க வேண்டும். கோபுரத் தகுதிக்குக் குறைந்தது 90 மணி நேர அனுபவம் வேண்டும். இறங்கும் விமானங்களை வரிசைப்படுத்தும் தகுதிக்குக் குறைந்தது 180 மணி நேரம் வேண்டும்.

தோல் சொல்லும் பாடம்

பயிற்சி பாதியில் நின்றால் எது மிஞ்சும், எது போகும்? தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம்.

உப்புப் போட்டு அடுக்கி வைத்த பச்சைத் தோல் சில காலம் காத்திருக்கும். ஆனால் சுண்ணாம்புக் குழியில் இறங்கிய தோல் காத்திருக்காது. எடுக்க வேண்டிய நாளில் எடுக்காவிட்டால் கெட்டுவிடும். பதனிட்டு முடித்த தோல் நெடுநாள் இருக்கும். அதற்கும் எண்ணெய்ப் பசை வற்றினால் வெடிப்பு விடும்.

இந்தப் படிப்பும் அப்படித்தான். பட்டம் என்பது உப்பிட்ட தோல். அது எங்கும் போகாது. நேரடிப் பயிற்சி என்பது சுண்ணாம்புக் குழி. நடுவில் நின்றால் கைப்பழக்கம் சீக்கிரம் போய்விடும். தகுதி பெற்று முடித்தவர் பதனிட்ட தோல். ஆனால் அவரும் வேலையை விட்டு விலகியிருந்தால் வெடிப்பு விடும்!

எவ்வளவு நாள் விலகியிருக்கலாம்? இதற்குச் சர்வதேச விதி ஒரு கெடு வைத்திருக்கிறது. பெற்ற தகுதியைப் பயன்படுத்தாமல் இருந்தால், அதிகபட்சம் ஆறு மாதத்தில் அது செல்லாததாகிவிடும். ஒவ்வொரு நாடும் இதைவிடக் குறைந்த கெடுவும் வைத்துக்கொள்ளலாம். அனுபவ மணிகளை முடித்தவரும் ஆறு மாதத்துக்குள் தகுதிக்கு மனுச் செய்துவிட வேண்டும்.

இது தண்டனை என்று நினைக்கக் கூடாது. ஒரே சமயத்தில் பல விமானங்களை மனத்தில் வைத்துக்கொள்ளும் வேலை இது. எது எந்த உயரத்தில், எது எந்தத் திசையில், அடுத்த நிமிஷம் எது எங்கே என்பது தலைக்குள் படமாக ஓட வேண்டும். பழக்கம் விட்டால் படம் மங்கும். மங்கிய படத்தை நம்பி 300 பிரயாணிகளை அனுப்ப முடியுமா?

பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு

நெடுங்காலம் விலகியவர்கள் திரும்பியது உண்டா? உண்டு. 1981-ம் ஆண்டு ஆகஸ்ட் 3-ந் தேதி, அமெரிக்காவில் சுமார் 13,000 கட்டுப்பாட்டு அதிகாரிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 48 மணி நேரத்தில் திரும்பாவிட்டால் வேலை போய்விடும் என்று ஜனாதிபதி ரீகன் எச்சரித்தார். திரும்பாத 11,345 பேர் நீக்கப்பட்டார்கள். இனி இந்த இலாகாவில் வேலையே இல்லை என்று தடையும் போடப்பட்டது.

12 ஆண்டுகள் ஓடின. 1993-ம் ஆண்டு ஆகஸ்டில் ஜனாதிபதி கிளிண்டன் தடையை நீக்கினார். பிறகு சுமார் 850 பேர் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். 30 வயதில் வேலை இழந்தவர் திரும்பும்போது 42 வயதைத் தாண்டியிருப்பார். பழைய அனுபவஸ்தர் என்று யாரையும் நேராக நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. மறுபடி பயிற்சி, மறுபடி சோதனை. அதற்குச் சம்மதித்தவர்களே மீண்டும் ரேடியோவில் பேசினார்கள்.

சில சமயம் பயிற்சிக்கூடமே நின்றுவிடுவதும் உண்டு. அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரப் பயிற்சிக்கூடம் 2020-ம் ஆண்டு மார்ச்சில், கொரோனாவினால் மூடப்பட்டுச் சில மாதம் கழித்தே திறந்தது. அந்த ஆண்டு மார்ச் 25 முதல் மே 25 வரை, இரண்டு மாதம், நம் நாட்டிலும் உள்நாட்டுப் பயணி விமானங்கள் ஓடவில்லை. ஆகவே, பயிற்சி நின்றது என்றால் மாணவர்மேல்தான் குற்றம் என்று நினைப்பது தவறு.

தாயான பிறகு

பெண்களும் இந்த வேலையில் இருக்கிறார்கள். ஆம்பூர் ஷூ தொழிற்சாலைகளுக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கான பெண்கள் போகிறார்கள். அவர்களின் பெண் பிள்ளைகள் பட்டம் படிக்கிறார்கள். கல்யாணம், பிரசவம் என்று வந்தால் இந்த உத்தியோகத்துக்கு முழுக்குப் போட வேண்டியதில்லை.

உடல்நலம் சரியாக உள்ள கர்ப்பிணி, 34-வது வார முடிவு வரை வேலைக்குத் தகுதியானவர் என்று கருதச் சர்வதேச மருத்துவ விதி இடம் தருகிறது. பிரசவத்துக்குப் பிறகு மருத்துவர் மறுபடி பரிசோதித்துச் சரி என்று சொன்ன பிறகே வேலைக்குத் திரும்பலாம். இடையில் தகுதிக் கெடு தாண்டிவிட்டால், மேற்பார்வையில் பயின்று, சோதனையில் தேறி, தகுதியைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

பயிற்சி நின்றவர் முதலில் தாம் எந்தப் படியில் நின்றோம் என்று பார்க்க வேண்டும். வகுப்பறையிலா? நேரடிப் பயிற்சியிலா? தகுதி பெற்ற பிறகா? படிக்கு ஏற்றபடி வழி மாறும்.

இரண்டாவது, காகிதங்கள். தேறிய தேர்வுகளின் சான்று, பயிற்சி மணிகள் எழுதிய புத்தகம், மருத்துவச் சான்று ஆகியவற்றைப் பத்திரமாக வைக்க வேண்டும். 40 வயதுக்கு உட்பட்டவருக்கு மருத்துவச் சான்று நான்கு ஆண்டு செல்லும் என்பது சர்வதேச அளவு. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு; 50-க்கு மேல் ஓர் ஆண்டு.

மூன்றாவது, விலகும்போதே எழுத்து மூலம் அனுமதி கேட்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டால் திரும்புவது கடினம். சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப் பத்திரத்தையும் வீட்டில் எல்லாரும் சேர்ந்து படித்துப் பார்ப்பது நல்லது.

நான்காவது, வேலையை முழுதும் விட்டவர் புதிய அறிவிப்பு வரும்போது வயது வரம்பை முதலில் பார்க்க வேண்டும். இந்தக் கதவு மட்டும் ஒரு முறை மூடினால் திறக்காது. ஆகவே யோசித்துக்கொண்டே ஆண்டுகளைக் கழிக்கக் கூடாது.

வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்தில் பிரிட்டிஷ் காலத்து விமானத் தளம் ஒன்று உண்டு. நெடுநாள் ஓய்ந்து கிடந்த அதையும் மத்திய சர்க்காரின் உடான் திட்டத்தில் சேர்த்துச் சீரமைக்க முற்பட்டார்கள். மண்ணுக்கே மறுபடி வேலை வரும்போது மனிதருக்கு வராதா?

திரும்பி வருபவருக்கு ஒரே ஒரு சங்கடம் உண்டு. தம்மைவிட வயதில் சிறிய அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து, தம் பேச்சைக் கவனித்துக்கொண்டிருப்பார். பிழை விட்டால் இடைமறிப்பார். அதைப் பொறுத்துக்கொள்பவருக்கு அந்த நாற்காலி மீண்டும் கிடைக்கும். ஏனென்றால் மேலே பறக்கும் விமானிக்கு, கீழே பேசுபவரின் வயதும் தெரியாது. அவர் எத்தனை நாள் விலகியிருந்தார் என்பதும் தெரியாது. அவருக்கு வேண்டியது, தெளிவான குரலில் ஒரு சரியான உத்தரவு!