புறப்படும் முன் ஒரு பயணம்

நம் இல்லங்களில் ஒரு பிள்ளைக்கு அயல்நாட்டு வேலை உறுதியாகிவிட்டதென்றால் அடுத்து என்ன நடக்கும் என்பதை நீங்கள் நன்கறிவீர்கள். ஊறுகாய் போடுவார்கள், உறவினர் வீடுகளுக்குச் சென்று பயணம் சொல்வார்கள், பெட்டியை மூன்று முறை எடை பார்ப்பார்கள். மணமாகி நான்கு மாதமே ஆன மனைவி அடுப்படியில் நின்றபடி இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். விமானம் ஏறும் நாள்வரை அவ்விருவரும் தனித்திருந்து பேசிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் சில நாழிகைகள்கூடத் தேறா.

எங்கள் திருநாவலூரில் சென்ற ஆண்டு இவ்வழக்கத்திற்கு மாறாக ஒன்று நடந்தது. சிறுவயதில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், இப்போது டிப்ளமோ முடித்தவர், தம் மனைவியோடு மதரஸாவிற்கு வந்தார். துபாயில் குளிர்சாதனப் பராமரிப்பு வேலை கிடைத்திருக்கிறது. புறப்பட இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் நாற்பது நாள்கள் இருவரும் ஆளுக்கொரு முதுகுப்பையோடு ரயிலேறி டில்லிவரை சென்று, மேற்குக் கரையோரமாகத் திரும்பி வர விரும்புகிறார்கள். மணவிழாவில் வந்த மொய்ப்பணம் இருக்கிறது, கடன் வாங்கப் போவதில்லை. அத்தா மட்டும் சம்மதிக்கவில்லை. “நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஹள்ரத்” என்றார்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் அது பிடிக்கவில்லை. முதுகில் பை சுமந்து ஊர் ஊராய்த் திரியும் வெள்ளைக்காரரை மாமல்லபுரத்திலும் புதுச்சேரியிலும் பார்த்திருக்கிறோம். அது அவர்கள் நாட்டு வழக்கம். படிப்பு முடிந்து வேலையில் சேருமுன் ஓராண்டு உலகம் சுற்றுவார்கள். நமக்கு எதற்கு? “தம்பி, அந்தப் பணத்தில் உன் வீட்டு மாடியைப் பூசிவிடலாமே” என்றேன். அவர் தலைகுனிந்தார். பதில் சொன்னவர் அந்தப் பெண். பரங்கிப்பேட்டையில் பிறந்தவர்; பேச்சில் கடலோரத்துத் தெளிவு. “மாடியை எப்போது வேண்டுமானாலும் பூசலாம் ஹள்ரத். இவருக்கு முதல் இரண்டு ஆண்டு விடுப்பில்லை. இவர் சம்பளத்திற்கு என்னை அழைத்துக்கொள்ளவும் வழியில்லை. எங்களுக்கு இருப்பது இந்த இரண்டு மாதம்தான்” என்றார்.

அவர் சொன்னது மெய். அமீரகத்தில் மனைவி மக்களைத் தம் பொறுப்பில் அழைத்துக்கொள்ள, மாதம் 4,000 திர்ஹமோ, தங்குமிடத்தோடு 3,000 திர்ஹமோ ஊதியம் இருக்க வேண்டும் என்பது விதி. தொடக்க வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வரம்பிற்குக் கீழேதான் நிற்கிறார்கள். அயல்நாட்டில் குடும்பத்தோடு வாழ்வது வேறு. அயல்நாட்டிலிருந்து குடும்பத்திற்குப் பணம் அனுப்புவது வேறு. நாம் இரண்டையும் ஒரே சொல்லால் ‘சபுர்’ என்று சொல்லிவிடுகிறோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கல்லூரியில் வரலாறு படித்த நாளிலிருந்து என்னோடிருக்கும் இப்னு பதூதாவின் பயண நூலை எடுத்து விரித்தேன். வேலைக்குமுன் நெடும்பயணம் சென்றவர்களில் அவரைவிட முன்மாதிரி யார்? மொராக்கோவின் தன்ஜாவிலிருந்து 1325 ஜூன் மாதம், 21 வயதில், ஹஜ்ஜை நாடித் தனியே புறப்பட்டார். போகும் வழியிலேயே திருமணம். மாமனாரோடு பிணக்கு ஏற்பட்டு அந்த மணம் முறிய, அதே கூட்டத்தில் வந்த பாஸ் நகரத்து மாணவர் ஒருவரின் மகளை மணந்து, பயணக் கூட்டத்தையே ஒரு நாள் நிறுத்தி வலீமா விருந்தளித்தார். மிஸ்ர், ஷாம், ஹிஜாஸ், இராக், ஆப்பிரிக்கக் கரை, துருக்கி என்று சுற்றி, 1333 செப்டம்பரில் சிந்து நதிக்கரையை அடைந்தார். எட்டாண்டுகளுக்கும் மேலான அலைச்சலுக்குப் பின்னரே, அயல்நாடாகிய நம் டில்லியில் முகம்மது பின் துக்ளக்கிடம் காழி வேலை. ஊதியம் ஆண்டுக்கு 12,000 தீனார்.

அந்த வேலையைப் பெறுவதற்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? சுல்தானைக் காணப் போகிறவர்கள் விலையுயர்ந்த அன்பளிப்போடு போக வேண்டும். சுல்தான் அதைப் பன்மடங்காகத் திருப்பித் தருவார் என்பது அக்கால வழக்கம். அதற்காகவே வணிகர்கள் கடன் கொடுத்தார்கள். நம் பயணியும் வாங்கினார். இறுதியில் கடன் 55,000 தீனாரில் வந்து நின்றது. விசாவுக்கு வட்டிக்கு வாங்கிவிட்டு முதல் ஓராண்டுச் சம்பளத்தை அதற்கே அழும் நம் பிள்ளைகளின் கதை 14ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. அவர் கடனைச் சுல்தான் அடைத்தார். நம் பிள்ளைகளுக்கு அந்தச் சுல்தான் இல்லை.

அவர் நம் தமிழ் மண்ணிற்கும் வந்தவர். 1344ஆம் ஆண்டு வாக்கில் இலங்கையிலிருந்து வந்த கப்பல் புயலில் சிக்கி, மஅபர் எனப்பட்ட நம் சோழமண்டலக் கரையில் தரைதட்டியது. டில்லியில் அவர் மணந்திருந்த ஹூர்நஸப் என்னும் மாதரசி, மதுரை சுல்தான் கியாதுத்தீனின் மனைவிக்கு உடன்பிறந்தவர். அந்த உறவைச் சொல்லித்தான் கரையில் மதிப்புப் பெற்றார். ஹர்காத்து என்னும் பாசறையில் சுல்தானைச் சந்தித்தார். அது ஆற்காடு என்பார் சிலர். அங்கே பெண்களும் குழந்தைகளும்கூடக் கழுவேற்றப்பட்டதைக் கண்டு மனம் வெதும்பி எழுதியிருக்கிறார். உறவினர் என்பதற்காக மூடி மறைக்கவில்லை. பின்னர் மதுரையில் கொள்ளைநோய். கடுங்காய்ச்சலில் பிழைப்போமா என்றிருந்தவர், அங்கே ஏராளமாய்க் கிடைத்த புளியை ஒரு ராத்தல் அளவு தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு இளகி, அல்லாஹ்வின் அருளால் குணமானார். (நம் அடுக்களைப் புளிக்கு அரபியில் ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை என்று பெயர். ஆனால் சகோதரிகள் யாரும் இதை மருத்துவமாகச் செய்து பார்க்க வேண்டாம்!)

இவையெல்லாம் நான் முன்பே படித்தவைதாம். அன்றிரவு என்னை நிறுத்தியது வேறோர் இடம். டமாஸ்கஸில் அவர் ஒரு மனைவியைக் கருவுற்றிருந்த நிலையில் விட்டுச் சென்றிருந்தார். ஆண் குழந்தை பிறந்த செய்தி இந்தியாவில் இருக்கும்போது எட்டியது. குழந்தையின் தாய்வழிப் பாட்டனாருக்கு நாற்பது பொற்காசுகளை அனுப்பி வைத்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, 1348இல் டமாஸ்கஸ் திரும்பியதும் அவருக்கிருந்த ஒரே நினைப்பு மகனைப் பற்றி விசாரிப்பதே. பள்ளிவாசலில் ஓர் அறிஞரைக் கண்டு கேட்டார். பையன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்று சொன்னார்கள். தன்ஜாவில் தந்தையும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டதாக அங்கேயே தெரிந்தது. தாயார் உயிரோடிருக்கிறார் என்றார்கள். அவர் ஊர் போய்ச் சேருவதற்குள், கொள்ளைநோயில் அத்தாயும் போய்விட்டார்.

நாற்பது பொற்காசு! பணம் அனுப்பாத தந்தையல்லர் அவர். என் அத்தாவும் அனுப்பத் தவறியதில்லை. ஜித்தாவிலிருந்து இரண்டாண்டுக்கொருமுறை வருவார். ஒருமுறை, எனக்கு ஐந்து வயதிருக்கும், வாசலில் நின்றவரைப் பார்த்து, “உம்மா, யாரோ வந்திருக்கிறார்கள்” என்று உள்ளே ஓடினேனாம். இதைச் சொல்லி வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். அத்தா சிரித்து நான் பார்த்ததில்லை.

கலீபா உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வந்தபோது, போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் புலம்புவதைக் கேட்டு, தம் மகளார் ஹப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு மனைவி எவ்வளவு காலம் பிரிவைப் பொறுப்பாள் என்று வினவிய செய்தியை ஆலிம்கள் பயானில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. அதற்கு மேல் படைவீரரை நிறுத்திவைக்கக் கூடாதென்று அவர்கள் ஆணையிட்டார்கள். நம் ஒப்பந்தங்களில் இரண்டு ஆண்டு என்று அச்சடித்திருக்கிறது, நாமும் கையெழுத்திடுகிறோம்.

மறுநாள் அஸருக்குப்பின் கெடிலக் கரைப் பக்கம் அந்த மாணவரின் அத்தாவைச் சந்தித்தேன். “சுற்ற வேண்டுமென்றால் கல்வராயன் மலைக்குப் போய் வரட்டுமே ஹள்ரத்! மேகம் அருவியைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்” என்றார். மருமகளை முதுகுப்பையோடு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்பதே அவர் கவலை. பெருமானார் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போதெல்லாம் மனைவியருக்கிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் சென்றதையும், பயணமொன்றில் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதையும் நினைவூட்டினேன். முதல்முறை அன்னையார் வென்றார்கள். சில காலம் கழித்து இன்னொரு பயணத்தில் அண்ணலார் வென்று, முன்னதற்கு இது ஈடு என்றார்கள். ஊருக்கு அஞ்சி இதை மறைத்தா வைத்தார்கள்?

கொச்சியில் ‘ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்’ என்ற சிறு கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியரைப் பற்றியும் சொன்னேன். தேநீர் விற்று, நாளொன்றுக்கு 300 ரூபாய் எடுத்துவைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, ஊர் திரும்பியபின் அடைத்து, 26 நாடுகளை இருவருமாய்ப் பார்த்தார்கள். 2021 அக்டோபரில் ரஷ்யா சென்று வந்தார்கள். நவம்பரில் விஜயன் காலமானார். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவர்கள் சம்பாதித்த பிறகல்லவா போனார்கள்?” என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. இப்னு பதூதாவின் மகனைப் பற்றி மட்டும் சொன்னேன். வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “நாற்பது நாளுக்கு மேல் ஒரு நாள் கூடாது” என்றார்.

உங்களில் யாரேனும் இப்படிப் புறப்பட எண்ணினால் சில செய்திகள் பயன்படும். ரயில்வேயில் வட்டப் பயணச் சீட்டு என்று ஒன்றுண்டு. புறப்பட்ட ஊரிலேயே முடியும் பயணத்திற்கு, வழியில் எட்டு ஊர்கள்வரை இறங்கித் தங்கலாம். தனித்தனியே சீட்டெடுப்பதைவிடக் கட்டணம் குறையும். ரயில் நிலையத்தில் பயண வழியை எழுதிக்கொடுத்துப் பெற வேண்டும். படுக்கைக்கு ஒவ்வொரு கட்டத்திற்கும் தனியே முன்பதிவு செய்ய வேண்டும். இவர்கள் விழுப்புரத்தில் தொடங்கி, சென்னை, டில்லி, ஆக்ரா, அஜ்மீர், மும்பை, கோழிக்கோடு, கொல்லம், மதுரை என்று எட்டையும் நிரப்பிக்கொண்டார்கள். பாஸ்போர்ட்டையும் வேலை ஒப்பந்தத்தையும் வீட்டில் பூட்டிவைத்துவிட்டு, நகல்களை மட்டும் எடுத்துச் செல்லுமாறு சொன்னேன். விசாவிலும் மருத்துவச் சான்றிலும் உள்ள காலக்கெடுவை முதலில் பாருங்கள். பயணத்தை அதற்குள் அடக்குங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற முத்திரை இருக்கும். வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவர்கள் அரசிடம் அனுமதி பெற வேண்டும். அவர்களுக்கான பிரவாசி பாரதீய பீமா காப்பீட்டிற்கு இரண்டாண்டுக் கட்டணம் 275 ரூபாய். விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் பத்து லட்சம் ரூபாய்.

தொழுகையைப் பற்றி அந்தப் பெண்தான் கேட்டார், சுவையான கேள்வி. நாங்கள் ஹனபி, பரங்கிப்பேட்டையார் ஷாபிஈ. ஏறத்தாழ 80 கிலோமீட்டரைக் கடந்தால் இருவருக்கும் நான்கு ரக்அத் இரண்டாகும். சுப்ஹும் மஃரிபும் மாறா. மனைவி ளுஹரையும் அஸரையும் ஒரே வேளையில் சேர்த்துத் தொழலாம். கணவருக்கு அந்தச் சலுகை இல்லை. ளுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் முதல் நேரத்திலும் தொழுது சமாளிக்க வேண்டியதுதான். ஓரூரில் நான்கு முழு நாள்கள் தங்க எண்ணினால் மனைவிக்குக் கஸ்ரு முடிந்தது. கணவருக்கோ பதினைந்து நாள் தங்க எண்ணினால்தான் முடியும். டில்லியில் ஒரு வாரம் தங்கும்போது அவர் இரண்டும் இவர் நான்குமாகத் தொழ நேரும். “அப்போது யார் சமைப்பது என்பது தெளிவாகிவிட்டது ஹள்ரத்” என்று சிரித்தார் அந்தப் பெண்.

ஊரை விட்டுப் புறப்படுவது இந்தத் திருநாவலூருக்கும் புதிதன்று. சைவப் பெருமக்கள் போற்றும் சுந்தரர் பிறந்தது இங்கேதான். அவர் வாழ்க்கை முழுதும் நடைப்பயணம். பத்தாம் நூற்றாண்டில் சோழ இளவரசர் இராசாதித்தர் இப்பகுதியில் படையோடு தங்கியிருந்தபோது சேர நாட்டு வீரர்கள் வேலைக்காக இங்கு வந்திருந்தார்கள். அவர்களுள் தளபதியாயிருந்த வெள்ளங்குமரன், பக்கத்துக் கிராமத்தில் எடுப்பித்த கற்றளி இன்றும் நிற்கிறது. நமக்குத் துபாய் எப்படியோ, அவர்களுக்கு அன்று இந்த ஊர்.

இருபத்தைந்தாம் நாள் கோழிக்கோடு குற்றிச்சிறையிலிருந்து ஒரு படம் வந்தது. மித்கால் பள்ளி. குவிமாடமில்லை, மினாரா இல்லை, அடுக்கடுக்காய் மரமும் ஓட்டுக் கூரையும். நாகுதா மித்கால் என்னும் கப்பல் வணிகர் கட்டியது. அவரை இப்னு பதூதாவும் தம் நூலில் குறிப்பிடுகிறார். 1510இல் போர்த்துகீசியர் தீயிட்டதில் சிதைந்து, பின் சீர்செய்யப்பட்டது. படத்தின் ஓரத்தில் இருவரும் செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்கிறார்கள்.

அன்று மாலை பெரியவர் மதரஸாவிற்கு வந்தார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். இளவயதில் சவூதி போகுமுன் பம்பாயில் ஏஜெண்டின் அறையில் பதினொரு நாள் கிடந்ததையும், கடல் பக்கத்திலிருந்தும் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்காததையும் சொன்னார். பிறகு, மதுரையில் பிள்ளைகள் எத்தனை நாள் தங்குவார்கள் என்று கேட்டார். நான்கு நாள் என்றேன்.

“மருமகளின் மாமியும் இதுவரை மதுரை பார்த்ததில்லை” என்றார். உளுந்தூர்பேட்டையிலிருந்து எந்நேரமும் பேருந்து உண்டு என்றேன்.