லீக் ஆட்டமும் கல்கத்தா நகரமும்

இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியன் ஆகையாற் சிலப்பதிகாரம் பற்றியோ மட்டக்களப்பு நாட்டுக்கவி பற்றியோ எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியவன் என் வகுப்பு மாணவன் ஒருவன்.

கல்முனைப் பக்கத்து ஊரொன்றில் நடைபெற்ற உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிக்காக அவனும் அவன் தோழரும் அறுவடை முடிந்த வெட்டையிலே இரண்டு மாதம் மாலைதோறும் ஓடிப் பழகினர். போட்டி நாளன்று முதலாட்டம் சமநிலையில் முடிந்து, தண்ட உதையிலே தோற்று, பொழுது சாயுமுன் வீடு திரும்பினர். திங்கட்கிழமை முகம் வாடியிருந்தவனை, “என்ன மனே, விளையாட்டு எப்படி?” என்றேன். “ஒரு மணித்தியாலத்தில முடிஞ்சு போச்சு, சேர். ரெண்டு மாசம் ஓடினது அந்த ஒரு மணித்தியாலத்துக்குத்தானா?” என்றான் அவன். அவ்வினாவுக்கு வகுப்பிலே நான் கூறிய மறுமொழியின் விரிவே இக்கட்டுரை. இலக்கியம் எங்கும் ஓடிவிடாது. அடுத்த மலருக்கும் அது இருக்கும்.

எங்கள் பகுதியில் நடைபெறும் சுற்றுப்போட்டிகளிற் பெரும்பாலானவை விலகல் முறையைத் தழுவியன. தோற்ற குழு விலகிவிடும். வென்ற குழு மேற்செல்லும். பதினாறு குழுக்கள் கலந்துகொண்டால் பதினைந்தே ஆட்டங்களில் வெற்றியாளர் யாரென்பது தெரிந்துவிடும். ஒரு மைதானமும் இரண்டு வார இறுதிகளும் போதும். செலவு சிறிது, பரபரப்புப் பெரிது. ஆயின் அப்பதினாறில் எட்டுக் குழுக்கள் ஒரேயோர் ஆட்டத்துடன் வீடு செல்கின்றன என்பதை யாரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

லீக் முறை இதற்கு நேர்மாறானது. அங்கே ஒவ்வொரு குழுவும் ஏனைய குழுக்கள் அனைத்தையும் எதிர்த்தாடும். அதே பதினாறு குழுக்கள் ஒருமுறை மட்டும் தம்முள் ஆடினும் நூற்றிருபது ஆட்டங்கள் நடைபெறல் வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் பதினைந்து ஆட்டங்கள் கிடைக்கும். ஓர் ஆட்டத்தில் தோற்றால் உலகம் முடிந்துவிடுவதில்லை. அடுத்த கிழமை மீண்டும் களமிறங்கலாம். வெற்றிக்கும் சமநிலைக்கும் உரிய புள்ளிகள் பருவம் முழுவதும் சேர்க்கப்பட்டு, முடிவிற் கூடுதலான புள்ளி பெற்ற குழு வாகை சூடும்.

இம்முறையை உதைபந்தாட்டத்திற் புகுத்தியது 1888இல் இங்கிலாந்தில் தொடங்கிய லீக். அஸ்ரன் வில்லாக் கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மக்கிறெகர் என்பவரின் முயற்சியாற் பன்னிரண்டு கழகங்கள் அதிற் சேர்ந்தன. கழகம் ஒவ்வொன்றும் மற்றையவற்றுடன் தன் ஊரில் ஒருமுறையும் எதிரியின் ஊரில் ஒருமுறையுமாக இருபத்திரண்டு ஆட்டங்கள் ஆடின. வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி. முதற் பருவத்தில் பிறெஸ்ரன் நோர்த் எண்ட் கழகம் பதினெட்டில் வென்று, நான்கிற் சமநிலை கண்டு, ஒன்றிலேனும் தோலாது நாற்பது புள்ளி பெற்றது. வெற்றிக்கு மூன்று புள்ளி என்னும் வழக்கம் 1981இலே இங்கிலாந்தில் தொடங்கி, 1994ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தின் பின்னரே எங்கும் பரவியது. சமநிலைக்காகவே ஆடும் சோம்பலை ஒழிக்க வந்த மாற்றம் அது.

லீக்கின் உயிர்நிலை புள்ளிக்கணக்கில் மட்டும் இல்லை; ஏற்றத்திலும் இறக்கத்திலும் இருக்கின்றது. முதற்பிரிவிற் கடைசியாய் நின்றவர் இரண்டாம் பிரிவுக்கு இறங்குவர். இரண்டாம் பிரிவில் முதலாய் வந்தவர் மேலேறுவர். ஆதலின் வாகைக்கு வழியில்லாத குழுவுக்கும் கடைசி ஆட்டம்வரை போராடக் காரணம் உண்டு. இந்த ஏணியின் பொருளை முற்றாய் விளக்கும் வரலாறு கடல் கடந்து நெடுந்தூரம் போகாமலே, வங்காளத்திற் கிடைக்கின்றது.

கல்கத்தா லீக் 1898இல் தொடங்கியது. இங்கிலாந்து லீக்கிற்குப் பத்தாண்டே இளையது. ஆசியாவின் மிகப் பழைய உதைபந்தாட்ட லீக் எனப் போற்றப்படுவது. முதலாண்டில் வென்றது குளொஸ்டர்சயர் பட்டாளம். அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் வாகை சூடியவை யாவும் வெள்ளையர் பட்டாளங்களும் வெள்ளையர் கழகங்களுமே. முதற்பிரிவில் இந்தியக் கழகங்கள் இரண்டிற்கு மேல் இருத்தலாகாது என்ற விதியும் நெடுநாள் இருந்தது. ஏணி இருந்தது, அதன் மேற்படியிற் கால்வைக்க எல்லாருக்கும் அனுமதி இருக்கவில்லை. 1920இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகம் 1925இல் முதற்பிரிவுக்கு வந்தபோதே அத்தடை தளர்ந்தது.

இடையில் 1911ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு யூலை 29ஆம் நாள் மோகன் பகான் கழகத்தார் கிழக்கு யோர்க்சயர் பட்டாளத்தை 2–1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். பதினொருவரிற் பதின்மர் வெறுங்காலர். சிப்தாஸ் பாதுரி ஒரு கோலும் அபிலாஷ் கோஷ் மற்றதும் அடித்தனர். இந்தியர் நெஞ்சில் இன்றும் நிற்கும் வெற்றி அது. ஆயினும் வாசகர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கேடயப் போட்டி விலகல் முறையிலானது. சமநிலையில் முடிந்து திரும்ப ஆடிய ஒன்றையுஞ் சேர்த்து அவர்கள் ஆடியவை ஆறே ஆட்டங்கள். லீக் வாகையை இந்தியக் கழகமொன்று பெறுவதற்கு அதன்பின் இருபத்து மூன்று ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. மோகன் பகானே அதனைப் பெற்றது 1939இல்.

ஏன் இத்தனை தாமதம்? கல்கத்தாவில் லீக் பருவம் மழையோடு பிணைந்தது. கோடையின் கடுமையில் தொடங்கிப் பெருமழையின் நடுவே முடியும். காய்ந்த தரையில் வெறுங்காலர் மான்போல ஓடுவர்; சேற்றிலே சப்பாத்து அணிந்தவரே நிலைத்து நிற்பர். கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடும் மாதங்களில் எங்கள் வெட்டைகளிற் பந்துதைத்தவர்க்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மேலும் ஆறு ஆட்டங்களுக்குப் பதினொரு வீரர் போதும். ஒரு பருவத்துக்கு அவர் போதார். காயமுற்றவனுக்கு மாற்றாள் வேண்டும். தோற்ற கிழமைக்குப் பின்னும் தளராத மனம் வேண்டும். கழகத்தை நடத்துவோரிடம் முன்யோசனை வேண்டும்.

இம்முன்யோசனையைக் காட்டியவர்கள் மொகமதன் ஸ்போட்டிங் கழகத்தார். 1891இல் நிறுவப்பட்ட அக்கழகம் நெடுங்காலம் கீழ்ப்பிரிவிலே கிடந்து, 1933இல் மேலேற்றம் பெற்று, 1934இல் முதன்முறையாக முதற்பிரிவில் ஆடியது. அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளும் லீக்கை வென்றிருந்தது டர்ஹம் காலாட்படைப் பட்டாளம். புதிதாக ஏறிவந்தவர் இறங்காமல் இருந்தாலே போதும் என்றுதான் எவரும் நினைப்பர். அவர்களோ வங்காளத்துக்குள் மட்டும் வீரரைத் தேடாது, பெங்களூர் முதலிய தொலைவூர்களிலிருந்தும் திறமையாளரைத் திரட்டினர். மழை நாட்களுக்குச் சப்பாத்தும் பழகினர். மாயக்காரர் எனப் பெயர்பெற்ற சமத் அக்குழுவில் இருந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. (நாற்பதைக் கடந்த என் போன்றோர் இவ்வரியை இருமுறை வாசிக்க.) பருவ முடிவில் லீக் வாகை முதன்முதலாக இந்தியக் கழகமொன்றின் கைக்கு வந்தது. அடுத்தடுத்து 1938வரை ஐந்தாண்டுகள் அங்கேயே இருந்தது. 1936இற் கேடயத்தையும் அவர்கள் வென்றனர்.

முதல் வெற்றியை இந்தியர் பலரும் தம் வெற்றியாகவே கொண்டாடினர். பின்னர் நாட்டின் அரசியலிலே பிளவு வளர்ந்தபோது மைதானத்திலும் அது புகுந்தது. கழகத்தின் பெயரே சமயத்தையோ ஊரையோ சுட்டும்போது, பார்வையாளர் பந்தை மறந்து பெயரைப் பார்க்கத் தொடங்குவர். தமிழூரும் முஸ்லிம் ஊரும் வேலிக்கு வேலி நிற்கும் எம் கரையோரத்தில் வாழ்வோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

ஆயினும் வரலாறு அங்கே நின்றுவிடவில்லை. 1947இன் பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வீடிழந்து வந்தோர் பல்லாயிரவர் கல்கத்தாவிற் குடியேறினர். அவர்கள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டது ஈஸ்ட் பெங்கால் கழகத்தை. அக்கழகத்தின் முன்வரிசையில் அந்நாளில் ஆடிய ஐவர் வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே என்போர். ஐவரும் தென்னாட்டவர், ஒருவரேனும் வங்காளியல்லர். அப்பாராவ் ஆந்திரர், சாலே மலையாள நாட்டவர், அகமது கான் பெங்களூர்க்காரர். இவர்கள் ஆடிய ஆண்டுகளிற் கழகம் 1949, 1950, 1952 ஆகிய பருவங்களில் லீக்கையும், 1949 முதல் மூன்றாண்டுகள் தொடர்ந்து கேடயத்தையும் வென்றது. வங்காள மக்கள் இவ்வைவருக்கும் இட்ட பெயர் பஞ்சபாண்டவர்.

பாண்டிருப்பிலே திரௌபதை அம்மன் சடங்கின் பதினெட்டு நாட்களும் பாண்டவர் வனவாசம் போவதையும், அருச்சுனன் தவநிலைக்குச் செல்வதையும் சிறுவயது முதல் கண்டு வளர்ந்தவன் நான். அகதிகளாய் வந்த இந்துக்கள் பெரும்பான்மையாய் நின்று ஆரவாரித்த மைதானத்திலே, அகமது கானும் சாலேயும் பாண்டவர் எனப் பெயர் பெற்றனர் என்பதை முதலில் அறிந்தபோது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிதுநேரம் இருந்தேன்.

இதே அகமது கான் 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கிலே இந்தியாவுக்காக வெறுங்காலுடன் ஆடினார். அவ்வாட்டத்தில் பிரான்ஸ் 2–1 என வென்றது. இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். இரண்டு தண்ட உதைகளை இந்தியர் தவறவிட்டனர். என் மாணவன் இதைக் கேட்டுச் சற்றே ஆறுதலடைந்தான். பின்னாளிற் கோல் காப்பாளர் பீற்றர் தங்கராஜ் மொகமதன் ஸ்போட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெருங் கழகங்களுக்கும் ஆடியவர். சென்னைப் பட்டாளத்திலிருந்து சென்ற ஒருவரை அந்நகரின் மூன்று பக்கத்தாரும் தம்மவராகக் கொண்டனர்.

புகழை மட்டும் கூறி நிறுத்துதல் நேர்மையாகாது. 1980ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் நாள் ஈடன் தோட்ட மைதானத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய லீக் ஆட்டத்தின்போது எழுந்த கலவரத்திலும் நெரிசலிலும் பதினாறு பேர் இறந்தனர். ஆட்டம் பார்க்கச் சென்று மீளாதவர் அவர்கள்.

ஏணியின் மேற்படி அடைக்கப்பட்டால் என்ன நிகழும் என்பதற்கு அவுஸ்திரேலியா தக்க சான்று. எம் பழைய மாணவர் சிலர் வாழும் மெல்பேண் நகரிலே, கிரேக்கக் குடியேறிகள் 1959இல் அமைத்த சவுத் மெல்பேண் கழகம் நான்குமுறை தேசிய லீக்கை வென்றது. 2000ஆம் ஆண்டு பிரேசிலிலே மஞ்செஸ்டர் யுனைட்டெட்டையும் எதிர்த்தாடியது. 2004இற் பழைய தேசிய லீக் மூடப்பட்டு, 2005இல் ஏ-லீக் என்னும் புதியது வந்தது. அதில் இறக்கமும் இல்லை. கீழிருந்து ஏறும் வழியும் இல்லை. பழம்பெருங் கழகம் விக்ரோரியா மாநில லீக்கிற்குச் சென்று, மாசி முதல் புரட்டாதி வரை ஆடும் மாநிலப் பருவங்களிலே ஆண்டுகளைக் கழித்தது. எத்தனை முறை வென்றாலும் மேலே கதவில்லை. 2025இலே மாநிலக் கழகங்கள் பதினாறு தம்முள் ஆடும் நாடளாவிய போட்டியொன்று தொடங்கப்பட்டது. அதிலும் ஏ-லீக்கிற்கு ஏறும் படி அமைக்கப்படவில்லை.

இந்தியாவில் 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல். லீக்கும் முதலில் இவ்வாறே மூடியிருந்தது. 2023இலே கீழிருந்து ஏறும் வழி திறந்தது. மொகமதன் ஸ்போட்டிங் கழகம் நாற்பதாண்டு வறட்சியின் பின் 2021இற் கல்கத்தா லீக்கை வென்று, அடுத்த இரண்டாண்டும் அதைத் தக்கவைத்து, 2024இல் ஐ-லீக்கையும் வென்று, ஐ.எஸ்.எல்.லில் ஏறியது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப்பின் மற்றுமொரு மேலேற்றம்.

இவ்வளவையும் கேட்ட பின் என் மாணவன் சும்மா இருக்கவில்லை. அண்டையூர்கள் நான்கின் பிள்ளைகளை, அவற்றுள் இரண்டு முஸ்லிம் ஊர்கள், அழைத்துப் பேசி, ஐந்து குழுக்களின் சிறு லீக் ஒன்றைத் தொடங்கினான். கிண்ணம் இல்லை, பணப்பரிசும் இல்லை. பத்து ஆட்டங்கள், சனி பிற்பகல்தோறும் ஒன்று. புள்ளிக்கணக்கு அவனுடைய தமிழ்க் கொப்பியின் கடைசித் தாளிலே எழுதப்படுகின்றது. நான் அதைக் கண்டும் காணாதவன்போல் இருக்கின்றேன். இதை எழுதும்போது எட்டு ஆட்டங்கள் முடிந்துள்ளன. அவன் குழு மூன்றாமிடத்தில் நிற்கின்றது. தாம்போதியில் வெள்ளம் வடிந்ததும் மற்றை இரண்டும் நடைபெறும்.